பார்க்கின்சன்ல புத்தி தடுமாறுமான்னு ரத்தம் சொல்லுமா?

கொஞ்ச காலமாவே எங்க லேப்புக்கு ரத்தம் குடுக்க வர்றவங்களும் அவங்க கூட வர்றவங்களும் ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேக்குறாங்க. மறதி நோய ரத்தத்துலயே கண்டுபிடிக்கிற டெஸ்ட் வந்துருச்சாமே, எங்க வீட்டுப் பெரியவருக்குப் பார்க்கின்சன் இருக்கு, கை நடுக்கத்த மாத்திரைய வச்சு சமாளிச்சுக்கிட்டோம், ஆனா புத்தி தடுமாறிருமோன்னுதான் பயமா இருக்கு, ஒரு தடவ எடுத்துப் பாத்துரலாமா? நான் டாக்டர் இல்லீங்க, கோயம்புத்தூர்ப் பக்கம் லேப் டெக்னீஷியனா இருக்கேன், ரத்தம் எடுக்குறதும் மெஷின்ல போடுறதும்தான் என் வேலை. ஆனா எங்க மாமனாருக்கும் பார்க்கின்சன். அதனால இந்தக் கேள்விய நான் கவுன்டருக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் கேட்டுப் பாத்திருக்கேன், தேடித் தேடிப் படிச்சிருக்கேன், எங்க நரம்பியல் டாக்டர்கிட்டயும் உக்காந்து பேசியிருக்கேன்.

பதில முதல்லயே சொல்லிடறேன். இப்போதைக்கு வேணாம். அந்தக் காசுக்கும் அந்த ரத்தத்துக்கும் வேற உருப்படியான டெஸ்ட் இருக்கு, அதப் பலபேர் எடுக்கறதே இல்ல. அதுக்காக இந்த ஆராய்ச்சியே வெட்டி வேலைன்னு சொல்ல வரல, ரொம்ப முக்கியமான வேலை, அதையும் சேத்தே சொல்றேன்.

1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன்ல இந்த நோயப் பத்தி மொத மொதல்ல விவரமா எழுதினப்போ, புலன்களும் அறிவும் பாதிக்கப்படறதில்லன்னு எழுதிட்டாரு. அவர் பாத்தது மொத்தமே ஆறு பேரு, அதுலயும் சிலர தெருவுல போகும்போது பாத்ததுதான், அன்னிக்கு அவருக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா அந்த நெனப்பு இருநூறு வருஷம் தாண்டியும் போகல. இன்னிக்கும் பார்க்கின்சன்னா கை ஆடுறது, நடை தளர்றது, அவ்வளவுதான்னு நிறைய வீட்டுல நெனைக்கிறாங்க. அப்புறம் பெரியவர் மாத்தி மாத்திப் பேச ஆரம்பிச்சா வயசாயிருச்சு, பிடிவாதம், வேணும்னே பண்றாருன்னு அவர் மேல கோவப்படறாங்க. எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற விஷயம் இது.

எத்தன பேருக்குப் புத்தி தடுமாறும்? இங்கதான் நெட்ல தேடுனா தூக்கம் போயிரும். சிட்னில 136 பேர நோய் கண்டுபிடிச்ச காலத்துல இருந்து தொடர்ந்து பாத்தாங்க, 20 வருஷம் கழிச்சு அதுல 36 பேர்தான் உயிரோட இருந்தாங்க, பரிசோதிக்க முடிஞ்ச 30 பேர்ல 83 சதவீதத்துக்கு டிமென்ஷியா, அதாவது அன்றாட வேலையே பண்ண முடியாத அளவுக்குப் புத்தி தடுமாற்றம். இந்த 83ங்கற நம்பரத்தான் எல்லாரும் எடுத்துப் போடறாங்க, கீழ இருக்குற முப்பதே பேருங்கறத யாரும் போடறதில்ல. கேம்பிரிட்ஜ் பக்கம் 142 பேர வச்சுப் பண்ணின ஆராய்ச்சில 10 வருஷத்துல 46 சதவீதம். அதே பத்து வருஷக் கணக்க, 2010ல ஆரம்பிச்ச பிபிஎம்ஐங்கற பெரிய சர்வதேச ஆராய்ச்சில பாத்தா 2024ல வந்த கட்டுரைப்படி 9 சதவீதம்தான். 46 எங்க, 9 எங்க! இதுல யாரும் பொய் சொல்லல. கேம்பிரிட்ஜ்காரங்க அந்த ஊர்ல புதுசா நோய் வந்த எல்லாரையும் சேத்தாங்க, வயசானவங்களும் அதுல வந்துட்டாங்க, பிபிஎம்ஐல தானா முன்வந்து சேந்தவங்க, சராசரியா வயசு கம்மி, நிறையப் படிச்சவங்க, வேற பெரிய வியாதி இல்லாதவங்க. நோய் வந்தப்போ என்ன வயசு, அதுதான் பெரிய விஷயம். 55ல வந்தவருக்கும் 75ல வந்தவருக்கும் ஒரே நம்பரக் காட்டிப் பயமுறுத்தறது நியாயமே இல்ல.

எங்க மாமா சோமனூர்ப் பக்கம் தறி ஷெட்டுல கணக்கு எழுதினவரு. பாவு நூல் எத்தன கிலோ உள்ள வந்துச்சு, துணி எத்தன மீட்டர் வெளிய போச்சு, கழிவு எவ்வளவு, எல்லாம் மனசுலயே இருக்கும், நோட்டு சும்மா சாட்சிக்கு. அவருக்கு மறதி மொதல்ல வரவே இல்ல. பேரெல்லாம் ஞாபகம் இருக்கும், போன வாரம் யார் வந்தாங்கன்னு சொல்லுவாரு. ஆனா காப்பி போடப் போனா பால வச்சிட்டு அடுத்து என்னன்னு நிப்பாரு. பேங்க் சலான்ல எந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம வெறிச்சுப் பாத்துட்டே இருப்பாரு. ஆஸ்பத்திரில மோகான்னு முப்பது மார்க் டெஸ்ட் வச்சாங்க, தமிழ்லயும் இருக்கு. கடிகாரம் வரைஞ்சு பதினொன்னு பத்து காட்டச் சொன்னா, பன்னெண்டு நம்பரையும் வட்டத்தோட வலது பக்கமே அடுக்கிட்டு முள்ளு எங்க போடறதுன்னு பேனாவத் தூக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. அஞ்சு வார்த்தை சொல்லி அப்புறமா கேட்டாங்க, தானா ரெண்டுதான் வந்துச்சு, ஆனா டாக்டர் லேசா ஒரு க்ளூ குடுத்ததும் மீதி மூணும் வந்துருச்சு. இதத்தான் எங்க டாக்டர் காட்டிக் குடுத்தாரு: அல்சைமர்ங்கற மறதி நோய்ல வார்த்தை உள்ள பதியறதே இல்ல, க்ளூ குடுத்தாலும் பெருசா உதவாது, பார்க்கின்சன்ல பல பேருக்கு உள்ள இருக்கு, தேடி எடுக்கறதுலதான் சிக்கல், திட்டம் போடறது, கவனம், இடம் திசை புரியறது இதெல்லாம்தான் மொதல்ல அடி வாங்கும்.

அப்புறம் சாயங்காலமானா கட்டில் ஓரத்துல ரெண்டு புள்ளைங்க உக்காந்திருக்கறது அவருக்கு மட்டும் தெரிய ஆரம்பிச்சுது. பயமெல்லாம் இல்ல. "அம்மிணி, அந்தப் புள்ளைங்களுக்கும் ஒரு டம்ளர் டீ ஊத்து, வந்ததுல இருந்து ஒண்ணுமே சாப்புடல"ன்னாரு. நான் டம்ளரக் கையில வச்சுக்கிட்டு என்ன சொல்றதுன்னே தெரியாம நின்னேன்.

சரி, ரத்தத்துக்கு வரேன். மூளைல நடக்கறத ரத்தத்துல தேடறது ஏன் இவ்வளவு கஷ்டம்னா, மூளைல இருந்து கசிஞ்சு வர்ற புரதம் அவ்வளவு கம்மி. நாங்க லேப்ல சுகர டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல பாப்போம், இது மில்லிலிட்டருக்கு பிக்கோகிராம், ஒரு கிராமத் தூக்கி லட்சம் கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. சிமோவான்னு ஒரு டெக்னாலஜி வந்து, ஒத்த ஒத்த மூலக்கூறா எண்ணற அளவுக்கு நுணுக்கமானதுக்கு அப்புறம்தான் இந்த ஆராய்ச்சியே சூடு பிடிச்சுது. அதுக்கு முன்னாடி முதுகுத் தண்டுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாத்தான் உண்டு.

இதுல அதிகமா அடிபடற பேரு நியூரோஃபிலமென்ட் லைட், சுருக்கமா என்எஃப்எல். நரம்பு செல்லுல இருந்து நீளமா ஒரு வால் போகுமே, ஆக்சான், அதுக்கு உள்ள முட்டுக் குடுக்குற புரதம் இது. நரம்பு சிதைஞ்சா இது வெளிய வந்து ரத்தத்துலயும் ஏறும். பார்க்கின்சன் இருக்கறவங்கள்ல என்எஃப்எல் அதிகமா இருக்குற கூட்டத்துக்கு, கம்மியா இருக்குற கூட்டத்த விட நடையும் புத்தியும் சீக்கிரமா இறங்குதுன்னு தைவான்ல பண்ணின ஆராய்ச்சி உட்பட பல இடத்துல திரும்பத் திரும்ப வந்திருக்கு. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா தறி ஷெட்ல தரையெல்லாம் நூல் துணுக்கு கெடந்தா நிறைய இழை அறுந்திருக்குன்னு தெரியும், எந்தத் தறில அறுந்துச்சுன்னு அந்தத் துணுக்கு சொல்லாது, என்எஃப்எல்லும் அப்படித்தான். பக்கவாதம் வந்தாலும் ஏறும், சுகர்ல கால் நரம்பு கெட்டாலும் ஏறும், கிட்னி சரியா வேலை செய்யலன்னா ஏறும், வயசு கூடக் கூடத் தானாவே ஏறும், உடம்பு குண்டா இருந்தா கம்மியாக் காட்டும். அதுக்கும் மேல, பார்க்கின்சன் இருக்கறவங்க அடிக்கடி விழுவாங்க, தலைல அடிபட்டா என்எஃப்எல் ஏறி வாரக்கணக்குல அப்படியே நிக்கும். போன மாசம் பாத்ரூம்ல விழுந்த ஒருத்தருக்கு இந்த மாசம் என்எஃப்எல் எடுத்து, அதப் பாத்து புத்தி போகப் போகுதுன்னு முடிவு கட்டினா எவ்வளவு பெரிய அநியாயம் யோசிச்சுப் பாருங்க. ஆனா என்எஃப்எல் உண்மையாவே உதவுற இடம் ஒண்ணு இருக்கு: எம்எஸ்ஏ, பிஎஸ்பின்னு பார்க்கின்சன் மாதிரியே தெரியற வேற நோய்கள்ல என்எஃப்எல் இன்னும் நல்லா ஏறியிருக்கும், டாக்டருக்கு அந்த சந்தேகம் இருந்தா இந்த நம்பர் ஒரு கை குடுக்கும்.

அடுத்தது பி-டாவ் 217, மூளை செல்லுல இருக்குற டாவ்ங்கற புரதத்தோட ஒரு வகை. பேப்பர்ல வந்த "மறதிக்கு ரத்தப் பரிசோதனை" இதுதான். 2025 மே மாசம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ரத்தத்துல பி-டாவ் 217க்கும் பீட்டா அமிலாய்டு 42ங்கற இன்னொரு புரதத்துக்கும் இருக்குற விகிதத்தப் பாக்குற ஃபுஜிரெபியோ கம்பெனி டெஸ்டுக்கு அனுமதி குடுத்துச்சு. ஆனா அது யாருக்குன்னு படிக்கணும்: 55 வயசுக்கு மேல, ஏற்கெனவே ஞாபகக் குறைவு அறிகுறி இருந்து, அதுக்கான ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போறவங்களுக்கு, மூளைல அல்சைமரோட அமிலாய்டு படிஞ்சிருக்கான்னு கண்டுபிடிக்க. பார்க்கின்சன்ல புத்தி இறங்குமான்னு ஜோசியம் சொல்ல இல்ல. பார்க்கின்சன்ல முக்கியமான கோளாறே வேற புரதம், ஆல்ஃபா சைனியூக்ளின், அது உருண்டு திரண்டு லூயி பாடிங்கற கட்டியாகி மூளையோட மேல்பகுதி வரைக்கும் பரவறதுதான் டிமென்ஷியாவுக்குப் பெரிய காரணம். ஆனா டிமென்ஷியா வந்து இறந்து போன பார்க்கின்சன் நோயாளிங்களோட மூளையப் பரிசோதிச்சா, மூணுல ஒருத்தர்ல இருந்து ரெண்டுல ஒருத்தர் வரைக்கும் அல்சைமர் மாற்றமும் கூடவே இருக்கு. ரெண்டும் சேந்தவங்களுக்கு வேகமா இறங்குது. அதனால யாருக்கு அந்தக் கூட்டு இருக்குன்னு பிரிச்சுப் பாக்க பி-டாவ் உதவலாம், நாளைக்கு மருந்து வர்றப்போ அது ரொம்ப முக்கியமாகும். இதுக்கும் கிட்னி கெட்டிருந்தா நம்பர் ஏறும்னு இங்கயே சொல்லிடறேன்.

அப்ப ஆல்ஃபா சைனியூக்ளினையே ரத்தத்துல அளந்துரலாமேன்னு கேப்பீங்க. இத லேப்காரியா நான் சொல்லியே ஆகணும். ரத்தத்துல இருக்குற ஆல்ஃபா சைனியூக்ளின்ல 99 சதவீதம் சிவப்பணுக்குள்ளதான் இருக்கு. பெரியவங்களுக்கு நரம்பு நூலாட்டம் இருக்கும், கை வேற ஆடும், அவசரத்துல சின்ன ஊசில வேகமா இழுத்தா சிவப்பணு உடைஞ்சு, சுத்த வச்சதும் மேல வெளிர் மஞ்சளா நிக்க வேண்டிய பிளாஸ்மா ரோஸ் கலர்ல நிக்கும். அந்த ட்யூப்ல அளக்கறது மூளையோட சைனியூக்ளின் இல்ல, நம்ம ஊசி உடைச்ச சிவப்பணுவோடது. அமிலாய்டுக்கு வேற பிரச்சனை, ஊதா மூடி ட்யூப்ல எடுத்து உடனே சுத்திப் பிரிச்சு குளிர்ல வைக்கலன்னா மணிக்கணக்குல அளவு இறங்கிட்டே இருக்கும், கலெக்‌ஷன் சென்டர்ல காலைல எடுத்து சாயங்கால வண்டில பெரிய ஊருக்கு அனுப்புறோமே, அந்த வெயில்ல என்ன ஆகும்? என்எஃப்எல் இந்த விஷயத்துல கொஞ்சம் தாங்கும். நடுங்குற கைல எடுக்கணும்னா அவங்க மாத்திரை நல்லா வேலை செய்யுற நேரத்துல வரச் சொல்லுங்க, உள்ளங்கைல ஒரு துண்டச் சுருட்டிக் குடுத்துப் பிடிச்சுக்கச் சொல்லுங்க, அவசரமே படாதீங்க. இது என் கூட வேலை பாக்குறவங்களுக்கு.

சைனியூக்ளின்ல நிஜமா பெரிய முன்னேற்றம் முதுகுத் தண்டு நீர்லதான் வந்துச்சு. கெட்ட சைனியூக்ளின் துளி இருந்தாலும் அதப் பெருக்கிக் காட்டுற டெஸ்ட், 2023ல பிபிஎம்ஐல 1,123 பேர்கிட்ட பண்ணினதுல பார்க்கின்சன் இருந்தவங்கள்ல 87.7 சதவீதம் பாசிட்டிவ். ஆனா அதுவும் இருக்கா இல்லையான்னுதான் சொல்லும், புத்தி எப்ப இறங்கும்னு சொல்லாது.

இந்த வரிசைல ஜிஎஃப்ஏபின்னு ஒரு புரதம், 2011லயே பென்சில்வேனியாக்காரங்க சொன்ன ஈஜிஎஃப்னு இன்னொரு புரதம், அது கம்மியா இருந்தவங்களுக்குப் புத்தி இறங்கற வாய்ப்பு அதிகம்னு, இன்னும் யூரிக் ஆசிட், இப்படி நிறைய இருக்கு. ஜிபிஏ ஜீன்ல மாற்றம் இருந்தா டிமென்ஷியா சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம்ங்கறது நல்லா உறுதியான விஷயம். எல்லாத்துலயும் எனக்கு உறுத்தறது ஒண்ணே ஒண்ணுதான். கட்டுரைல ரெண்டு கூட்டத்தோட சராசரி தனித்தனியா அழகா நிக்கும், ஆனா ஒவ்வொரு ஆளையும் புள்ளி புள்ளியா வச்சிருக்குற படத்தப் பாத்தா ரெண்டு கூட்டமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடக்கும். நூறு பேருக்கு உண்மையா இருக்குறது எங்க மாமா ஒருத்தருக்கு எதையும் உறுதியாச் சொல்லாது. அதுவும் போக அந்த நூறு பேரும் பெரும்பாலும் வெள்ளக்காரங்க, சுகரும் ரத்த சோகையும் பி12 குறைவும் இவ்வளவு பரவியிருக்குற நம்ம ஊர் பெரியவங்களுக்கு நார்மல் எவ்வளவுன்னு நம்ம ஊர்லயே அளந்தாத்தான் தெரியும்.

இப்ப அந்த உருப்படியான டெஸ்டுக்கு வரேன், பி12ங்கற வைட்டமின் டெஸ்ட். பார்க்கின்சனுக்கு முக்கியமா குடுக்குற லெவோடோபா மாத்திரை உடம்புல உடையறப்போ மெத்தில்னு ஒரு சின்னத் துண்டு செலவாகும், அந்த வேலைல ஹோமோசிஸ்டீன்ங்கற பொருள் மிஞ்சும், அதத் திரும்ப சரிபண்ண பி12ம் ஃபோலேட்டும் வேணும். பி12 ஏற்கெனவே கம்மியா இருக்கறவருக்கு வருஷக்கணக்கா லெவோடோபா குடுத்தா ஹோமோசிஸ்டீன் ஏறும். அமெரிக்கால 1987ல ஆரம்பிச்ச டேட்டாடாப்னு ஒரு ஆராய்ச்சி, 800 பேரு, அப்ப எடுத்து ஃப்ரீசர்ல வச்ச ரத்தத்த ரொம்ப வருஷம் கழிச்சு அளந்து 2018ல எழுதினாங்க: பி12 கம்மியா இருந்தவங்களுக்கு நடை சீக்கிரம் மோசமாச்சு, ஹோமோசிஸ்டீன் அதிகமா இருந்தவங்களுக்குப் புத்தி அதிகமா இறங்குச்சு. பி12 போட்டா இத நிறுத்திரலாம்னு அது நிரூபிக்கல, ஆனா பி12 குறைவுங்கறது தனியாவே புத்திய மந்தமாக்கும், கண்டுபிடிச்சா ஊசிதான், அதிகச் செலவில்ல. கூடவே தைராய்டு, சோடியம். திடீர்னு ரெண்டு நாள்ல புத்தி மாறுச்சுன்னா மொதல்ல யூரின் இன்ஃபெக்‌ஷன் பாருங்க, இத எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன்.

ரத்தத்த விட முக்கியம் மாத்திரை அட்டை. நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில்னு ஒரு பழைய மாத்திரை, இன்னும் தாராளமா எழுதறாங்க. அது மூளைல அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்தத் தடுக்கும், ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் அந்த ரசாயனம்தான் வேணும், பார்க்கின்சன்ல அது ஏற்கெனவே தேஞ்சு போயிருக்கும். இன்னொரு பக்கம் டிமென்ஷியாவுக்குக் குடுக்குற ரிவாஸ்டிக்மின் அதே ரசாயனத்தக் கூட்டறதுக்கு, 2004ல 541 பேர்கிட்ட பண்ணின ஆராய்ச்சில பலன் இருக்குன்னு வந்துச்சு, பலன் மிதமானதுதான், குமட்டல் 29 சதவீதம் பேருக்கு, டம்மி மாத்திரைல 11. இந்த ரெண்டையும், ஒண்ணு ஏத்தறதும் ஒண்ணு இறக்கறதும், ஒரே சீட்டுல எழுதியிருக்கறத நான் என் கண்ணால பாத்திருக்கேன். மாமாவோட பழைய சீட்டுலயும் அந்த நடுக்க மாத்திரை வருஷக்கணக்கா ஓடிட்டிருந்துச்சு, அதோட சளிக்கு எடுத்த மாத்திரை, யூரின் அடக்க முடியலன்னு வேற இடத்துல குடுத்த மாத்திரை, எல்லாமே அதே ரசாயனத்தத் தடுக்கற வகை. இப்ப பாக்குற டாக்டர் எல்லாத்தையும் மேசைல கொட்டச் சொல்லிப் பாத்துட்டு ஒவ்வொண்ணா, மெதுவா குறைச்சாரு. நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா அது வேற வம்பு. பி12 கம்மியா இருந்துச்சு, ஊசி போட்டோம். அந்த ரெண்டு புள்ளைங்களும் இப்ப எப்பவாச்சும்தான் வர்றாங்க. பேங்க் சலான் இன்னும் நான்தான் எழுதறேன். இன்னொண்ணு, இப்படி உருவம் தெரியுதுன்னு பக்கத்துல யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போய் மனநோய்க்குக் குடுக்குற ஹாலோபெரிடால் போட்டுறாதீங்க, பார்க்கின்சன் இருக்கறவங்க அதுல கல்லாட்டம் இறுகிப் போயிருவாங்க.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டா குடுங்க. இன்னிக்கு ஒரு மருந்து புத்தி இறங்கறத நிறுத்துதான்னு பாக்கணும்னா நூத்துக்கணக்கான பேர வருஷக்கணக்கா பாக்கணும், அதுல பல பேருக்கு மருந்து இல்லாமலே இறங்காது. யாருக்கு இறங்கும்னு ரத்தத்த வச்சு ஓரளவு முன்கூட்டியே பிரிச்சு எடுத்தா சோதனை சின்னதாகும், சீக்கிரம் முடியும், மருந்து வரும். இந்த டெஸ்டோட இன்னிக்கு இடம் அதுதான், அது ரொம்பப் பெரிய இடம். மாமாகிட்ட கேட்டேன், "எடுத்துக்கட்டும் அம்மிணி"ன்னாரு.

எங்க டாக்டர்கிட்ட நான் என்எஃப்எல் பத்திக் கேட்டப்போ அவர் திருப்பிக் கேட்டாரு, அதிகம்னு வந்தா என்னம்மா பண்ணுவீங்க? யோசிச்சுப் பாத்தா பேங்க் கணக்க ஜாயின்டா மாத்துவோம், வண்டிச் சாவிய வாங்கி வைப்போம், கேஸ் அடுப்பு பக்கம் தனியா விடமாட்டோம், அவருக்கு என்ன ஆசை, எந்த ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம், எது வேணாம்னு அவர் வாயாலயே கேட்டு வச்சுக்குவோம். கம்மின்னு வந்தா? அப்பவும் இதெல்லாம் பண்ணித்தானே ஆகணும். அதனால நம்பர் இல்லாமலே ஆரம்பிச்சோம். மாமா நல்லா தெளிவா இருக்குற காலை நேரமாப் பாத்து வீட்டுக்காரரும் நானும் உக்காந்து பேசினோம். வீட்டுலயேதான் இருக்கணும், மூக்குல ட்யூப் போட்டுப் படுக்க வைக்கக் கூடாது, ஊர்ல இருக்குற இடத்த ரெண்டு பசங்களுக்கும் சமமாப் பிரிக்கணும்னு அவரே சொன்னாரு, வீட்டுக்காரரு எல்லாத்தையும் எழுதி அவர்கிட்டயே படிச்சுக் காட்டினாரு. பேங்க் வேலை முடிஞ்சுது. இடத்தோட பத்திரத்துக்கு அவர் கையெழுத்து நடுங்காம வர்ற நேரமாப் பாத்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் வாங்கணும், அதுக்குத்தான் இப்ப அலைஞ்சிட்டிருக்கோம்.